பொழுதுபோக்காக ஒரு நாடோடி வாழ்க்கை: கேரவன் மன்றங்களின் சரித்திரத்தை முன்வைத்து

கோடம்பாக்கத்தில் யாரிடமாவது 'கேரவன்' என்று சொல்லிப் பாருங்கள். நடிகர்கள் ஏறி உட்காரும் ஏ.சி. வண்டி என்பார்கள். படப்பிடிப்பில் யாருக்குக் கேரவன் உண்டு, யாருக்குக் கிடையாது என்பதிலிருந்தே அங்கே யார் யார் என்ன தகுதி என்று தெரிந்துகொள்ளலாம். துணை நடிகைகள் சேலையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு உடை மாற்றுகிற இடத்திலேதான் அந்த வண்டியும் நிற்கும். பாரசீகத்தில் 'கார்வான்' என்பது கூட்டமாகப் போகிற வணிகர்களைக் குறிக்கிற சொல். தமிழில் நமக்குச் 'சாத்து' இருந்தது. கோவலனின் அப்பன் பெயரே மாசாத்துவான். உப்பு வண்டிகளோடு குடும்பம் குடும்பமாகப் போன உமணர்களைச் சங்கப் பாடல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. வண்டி முறிந்தால் மாற்றிக்கொள்ளக் கீழே கட்டியிருந்த சேம அச்சு வரைக்கும் அதிலே பதிவாகியிருக்கிறது. கூட்டத்தைக் குறித்த சொல் எப்படி ஒற்றை ஆளின் தனியறையைக் குறிக்கிற சொல்லாக மாறியது? நடுவிலே இங்கிலாந்து இருக்கிறது.

இதை எழுத நேர்ந்ததற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. என்னோடு படித்த நண்பன் ஒருவன் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பல வருஷமாக இருக்கிறான். இரண்டாம் கையாக ஒரு கேரவன் வாங்கினான். காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற சிறிய வீடு: கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே. வாங்கின கையோடு வட்டாரக் கேரவன் மன்றம் ஒன்றில் சேர்ந்தான். முதல் கூடலுக்குப் போய்விட்டு வந்த அன்று ராத்திரி போனில் ஒரு மணி நேரம் பேசினான். "மாப்ள, இத்தனை வருஷத்துல இந்த ஊர்ல எனக்கு இப்படி ஒரு வரவேற்பு கெடச்சதில்லடா" என்றான். வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது எழுபது வயதுக்காரர் ஒருவர் மழையில் இறங்கிவந்து கையைக் காட்டிக் காட்டி நிறுத்தவைத்தாராம். இன்னொருத்தர் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து மட்டம் பார்த்துக் கொடுத்தார். நான்கு கால்களையும் இறக்கி முடிப்பதற்குள் பக்கத்து வண்டி அம்மாள் தேநீரோடு நின்றாள். சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். வேலை என்ன, சம்பளம் என்ன, எந்த நாடு, எப்போது வந்தாய், எதையும் ஒருத்தரும் கேட்கவில்லை. வண்டி எந்த வருஷத்து மாடல் என்றுதான் கேட்டார்கள்.

இதைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. அன்பு அன்புதான். ஆனால் அவன் இன்னொன்றும் சொன்னான். அதே வட்டத்தில் அதே மனிதர்கள் அடுத்த ஊர்ச் சாலையோரத்தில் வந்து இறங்கியிருந்த 'டிராவலர்' குடும்பங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஊராட்சிக்காரர்கள் புல்வெளி வாசலில் பெரிய பெரிய பாறாங்கற்களைப் போட்டு அடைத்தது நல்ல காரியம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தக் குடும்பங்கள் வைத்திருந்ததும் கேரவன்தான். சில வண்டிகள் இவனுடையதைவிடப் புதுசு. "நான் ஒண்ணும் பேசலடா" என்றான். அந்த 'ஒண்ணும் பேசல'தான் என்னைப் படிக்கவைத்தது.

1824ஆம் வருஷத்து இங்கிலாந்தின் திரிவோர் சட்டம், கண்ணுக்குத் தெரிகிற பிழைப்பு இல்லாமல் கூடாரத்திலோ வண்டியிலோ படுத்துத் தூங்குகிறவனைக் குற்றவாளி என்றது. கவனிக்க வேண்டியது 'கண்ணுக்குத் தெரிகிற பிழைப்பு' என்பதை. வண்டியில் தூங்குவதில் தப்பில்லை. பையில் காசு இருக்கிறது என்று காட்ட முடியாமல் தூங்குவதுதான் தப்பு. கேரவன் மன்றம் என்கிற அமைப்பின் மொத்த சாத்தியமும் இந்த ஒரு நிபந்தனைக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. மன்றம் பிறக்க இன்னும் 83 வருஷம் ஆகும் என்பது வேறு விஷயம்.

நாம் 'ஜிப்சி வண்டி' என்று படத்தில் பார்த்திருக்கிற, வளைந்த கூரையும் வண்ணப் பூச்சும் குதிரையுமாக வருகிற வண்டி யுகம் யுகமாக இருந்துவந்த ஒன்று அல்ல. ரோமா மக்கள் பிரிட்டனுக்குள் வந்தது 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1530இலேயே அவர்களை 'எகிப்தியர்கள்' என்று பெயரிட்டு நாட்டைவிட்டு விரட்டச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அவர்கள் வீட்டு வண்டிக்கு மாறியது 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். அதுவரைக்கும் வளைந்த குச்சிகளின் மேல் போட்ட கூடாரமும் சாமான் வண்டியுமே அவர்கள் வீடு. திருவிழாக்களில் காட்சி நடத்திவந்தவர்களிடமிருந்துதான் வீட்டு வண்டி இவர்களுக்கு வந்தது. ரெடிங் நகரத்து டன்டன் பட்டறை போன்ற இடங்களில் கைதேர்ந்த தச்சர்கள் காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுத்தார்கள். ஆக, 'ஆதி நாடோடி'யின் வண்டியாகப் பிற்காலத்தவர் கொண்டாடியது தொழிற்புரட்சிக் காலத்துப் பட்டறைச் சரக்கு. மரபு என்று எதையாவது யாராவது காட்டும்போதெல்லாம் அதன் தயாரிப்புத் தேதியைக் கேட்டுவிடுவது நல்ல பழக்கம்.

அதே ரெடிங்குக்குச் சில மைல் தள்ளி இருக்கிறது ட்வைஃபோர்டு. 1885இல் அங்கேயிருந்து கிளம்பினார் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கடற்படை மருத்துவர். சிறுவர்களுக்கான சாகசக் கதைகள் எழுதிப் பேர் வாங்கினவர். பிரிஸ்டல் வண்டிப் பட்டறையில் மகாகனி மரத்தில் ஒரு வீட்டு வண்டி செய்யச் சொன்னார். அதன் பெயர் 'வாண்டரர்', அதாவது திரிபவன். இரண்டு டன் கனம், இரண்டு குதிரைகள். ஓட்ட ஒரு வண்டிக்காரன். முன்னாலே மூன்று சக்கர சைக்கிளில் போய் எதிரே வருகிறவர்களை எச்சரிக்க ஒரு பணியாள். கூடவே ஒரு பெரிய நாய், ஒரு கிளி. இப்படியாக ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரைக்கும் போனார். அடுத்த வருஷமே பயணத்தைப் புத்தகமாக்கினார். தன்னை 'கனவான் ஜிப்சி' என்று அழைத்துக்கொண்டார். இரண்டு சொற்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். கனவான் என்ற முன்னொட்டு இல்லாவிட்டால் ஏதாவது ஒரு ஊரின் போலீஸ்காரன் வண்டியைக் கிளப்பச் சொல்லியிருப்பான். அந்த முன்னொட்டை வாங்கித் தந்தது என்ன? வண்டியிலே வேலைக்காரன் இருந்ததுதான்.

ஸ்டேபிள்ஸ் கிளம்பிய அதே காலத்தில்தான் கோல்வில் ஊர் ஜார்ஜ் ஸ்மித் நாடாளுமன்றத்தின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். இவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. செங்கல் சூளையில் வேலை பார்த்த குழந்தைகளுக்காகப் போராடி 1871இல் சட்டம் கொண்டுவரவைத்தவர். கால்வாய்ப் படகுகளில் பிறந்து வளர்கிற குழந்தைகளுக்காக 1877இல் இன்னொரு சட்டம். அதே கருணையோடு வண்டி வீடுகளைப் பார்த்தார். எல்லா வண்டிகளையும் பதிவு செய்ய வேண்டும், அதிகாரிகள் உள்ளே நுழைந்து சோதிக்க வேண்டும், குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 'நகரும் குடியிருப்பு மசோதா'வைப் பலமுறை கொண்டுவரச் செய்தார். ஒவ்வொரு தடவையும் அது தோற்றது. சீர்திருத்தவாதியின் கருணையும் போலீஸ்காரனின் லத்தியும் ஒரே வண்டிக் கதவைத் தட்டுகிற விநோதத்தைக் காலனிய நாட்டுக்காரர்களான நமக்கு விளக்க வேண்டியதில்லை. 1871 என்றவுடனேயே நமக்கு வேறொரு சட்டம் ஞாபகம் வருகிறதல்லவா.

மசோதா தோற்றதற்குக் காரணமாக இருந்தவர்களில் முக்கியமானவர்கள் திருவிழாக் காட்சிக்காரர்கள். ராட்டினம், பொம்மலாட்டம், காட்சிக் கொட்டகை என்று வண்டியில் வாழ்ந்தவர்கள் 1889இல் 'வண்டிவாழ்வோர் சங்கம்' கட்டினார்கள். அதுவே பின்னால் காட்சிக்காரர் கில்டாக ஆனது. எனக்குத் தெரிந்தவரை வண்டியில் வாழ்கிறவர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளச் சங்கமாகத் திரண்டதற்கு இது ஆரம்பகால உதாரணம். கனவான்களின் கேரவன் மன்றத்துக்கு 18 வருஷம் முந்தியது. ஆனால் கேரவன் சரித்திரம் எழுதுகிறவர்கள் ஸ்டேபிள்ஸிலிருந்து நேரே 1907க்குத் தாவிவிடுவார்கள்.

1907இல் ஜே. ஹாரிஸ் ஸ்டோன் என்பவரின் முயற்சியில் கேரவன் மன்றம் தொடங்கியது. ஸ்டேபிள்ஸ் துணைத் தலைவர்களில் ஒருவரானார். மன்றத்தின் நோக்கமாக எழுதப்பட்டது, வண்டி வாழ்க்கையைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களை ஒன்றுசேர்ப்பது. 'பொழுதுபோக்காக' என்ற அந்த ஒற்றைச் சொல்லைச் சும்மா தாண்டிப் போய்விடக் கூடாது. வாழ்க்கை, பொழுதுபோக்கு என்று கிழித்த கோட்டின் மேல்தான் மன்றம் நிற்கிறது. மன்றத்தில் சேர்கிறவன் தான் ஜிப்சி மாதிரி இருக்க ஆசைப்படுகிறேன் என்று சொல்கிறான். அதே மூச்சில் தான் ஜிப்சி இல்லை என்று சத்தியமும் செய்கிறான். கென்னத் கிரஹாமின் 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' நாவல் 1908இல் வந்தது. அதில் பணக்காரத் தேரை ஜிப்சி வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்புகிறது. மோட்டார் கார் ஒன்று உரசிக்கொண்டு போனதும் வண்டியை மறந்துவிட்டுக் காரின் மேல் பைத்தியமாகிவிடுகிறது. அந்த வர்க்கத்தின் ஆசையைக் கிரஹாம் சரியாகவே பிடித்திருக்கிறார்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இது ஒருதலைப்பட்சமாகிவிடும். முகாம் இயக்கத்தின் மற்றொரு கிளை கனவான்களிடமிருந்து வந்ததல்ல. தையல்காரரான தாமஸ் ஹைரம் ஹோல்டிங் 1901இல் சைக்கிளில் போய்க் கூடாரம் போடுகிறவர்களுக்காக ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். சிறுவனாக இருந்தபோது அமெரிக்கப் புல்வெளிகளை வண்டிக் கூட்டத்தோடு கடந்தவர் அவர். அதற்கும் முன்னால் 1894இலேயே சோஷலிஸ்டுகளின் கிளேரியன் சைக்கிள் சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் துண்டுப்பிரசுரங்களோடு கிராமம் கிராமமாகப் போனது. ஆலைத் தொழிலாளி காற்று வாங்கப் போவது அன்றைக்கு அரசியல்தான். 1938இல் ஊதியத்தோடு விடுமுறைக்குச் சட்டம் வந்தபோது, கூடாரமும் கேரவனும் ஏழைக்கும் எட்டக்கூடியவையாக ஆயின. ஆனால் ஹோல்டிங்கின் சங்கத்துக்கும் சீக்கிரமே தென்துருவப் பயணி ஸ்காட், பிறகு சாரணர் இயக்கத்து பேடன்-பவல் என்று கனமான தலைவர்கள் வந்து அமர்ந்துகொண்டார்கள். கூடாரத்துக்குள்ளேயும் சாம்ராஜ்யம் நுழைந்துவிட்டது.

1919இல் பர்மிங்ஹாமில் எக்கிள்ஸ் நிறுவனம் காரால் இழுக்கிற கேரவன்களை விற்பனைக்குச் செய்யத் தொடங்கியது. குதிரை போனது, கூடவே வேலைக்காரனும் போனான். வட்டாரக் கிளைகள் பெருகின. மன்றத்தின் உயிர் தலைமையகத்தில் இல்லை, கிளைகளில்தான் இருக்கிறது. கொடி, வண்டியில் ஒட்டிக்கொள்ளும் பட்டயம், வாசலில் நின்று இடம் காட்டுகிற தொண்டர், வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே ஆறு மீட்டர் இடைவெளி. (ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது என்பதற்காக.) குப்பை எங்கே, கழிவு எங்கே, நாயை எப்படிக் கட்டுவது என்று எல்லாவற்றுக்கும் விதி. இந்த விதிகளை அரசாங்கம் வந்து திணிக்கவில்லை. அவர்களே எழுதி, அவர்களே ஒருவரையொருவர் கண்காணித்துக்கொண்டார்கள். போலீஸே தேவைப்படாத ஒழுங்கு. ஃபூக்கோவை வாசித்தவர்கள் புன்னகைப்பீர்கள். இருக்கட்டும், அந்த ஒழுங்குக்குப் பரிசாக என்ன கிடைத்தது என்பதுதான் முக்கியம்.

1936இன் பொதுச் சுகாதாரச் சட்டம், நகரும் குடியிருப்புகளுக்கு உரிமம் வேண்டும் என்றது. கூடவே, முகாம்களை ஒழுங்காக நடத்துவதாக அமைச்சரைத் திருப்திப்படுத்துகிற அமைப்புகளின் உறுப்பினர்களுக்கு விலக்கு உண்டு என்றது. யுத்தம் முடிந்தது. வீடில்லாமல் கேரவனில் குடியேறியவர்கள் பெருகினார்கள். அவர்களைப் பற்றி 1959இல் சர் ஆர்ட்டன் வில்சன் அறிக்கை தந்தார். அதன் பின்னால் வந்ததுதான் 1960ஆம் வருஷத்துக் கேரவன் இடங்கள் சட்டம். என் பார்வையில் கேரவன் சரித்திரத்தின் நடுமையம் இதுதான்.

அந்தச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தன் நிலத்தில் கேரவன் நிறுத்த விடுகிற விவசாயி குற்றவாளி. உரிமம் வேண்டுமென்றால் முதலில் திட்ட அனுமதி வேண்டும். ஜிப்சிகளுக்கென்று கேட்டால் எந்த ஊரில் அனுமதி கிடைக்கும்? பொதுப் புல்வெளிகளில் கேரவன் நிற்பதைத் தடைசெய்யக் கிராமப்புற மன்றங்களுக்கு அதே சட்டம் அதிகாரம் தந்தது. கேரவன்களுக்கு இடம் அமைத்துத் தரவும் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் சொற்பம். அடைப்பது எல்லோருக்கும் பிடித்தது, திறப்பது யாருக்கும் பிடிக்கவில்லை.

இப்போது சட்டத்தின் முதல் அட்டவணையைப் பாருங்கள். யாருக்கெல்லாம் உரிமம் தேவையில்லை என்ற பட்டியல் அங்கே இருக்கிறது. விலக்குப் பெற்ற அமைப்புகளின் சொந்த இடங்களுக்குத் தேவையில்லை. அந்த அமைப்புகள் சான்றிதழ் கொடுத்த விவசாயியின் வயலில் ஐந்து வண்டி வரைக்கும் நிற்கலாம், தேவையில்லை. அவை நடத்துகிற கூடல்கள் ஐந்து நாள் வரைக்கும் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம், தேவையில்லை. சான்றிதழ் பெற்ற காட்சிக்காரர் அமைப்பின் உறுப்பினர்களுக்கும் தேவையில்லை. 1889இல் சங்கம் கட்டியதற்கான கூலி அவர்களுக்கு 1960இல் வந்து சேர்ந்தது. சரி, கேரவன் வைத்திருக்கிற யார் வேண்டுமானாலும் விலக்குப் பெற்ற அமைப்பாகலாமா என்றால், முடியாது. பொழுதுபோக்குச் செயல்பாடுகளை ஊக்குவிப்பது அமைப்பின் நோக்கங்களில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 1907இல் ஒரு மன்றத்தின் நோக்கத்தில் இருந்த சொல் 53 வருஷம் கழித்து நாட்டின் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. விளையாட்டாக நாடோடியாக இருப்பவனுக்கு நிலம். நிஜமாகவே நாடோடியாக இருப்பவனுக்குத் தடை.

1962 ஜனவரியில், கென்ட் மாவட்டத்து டேரன்த் காட்டிலிருந்து ஏறத்தாழ 300 பேர் வெளியேற்றப்பட்டு, பனிக்காலத்தில் ஏ2 நெடுஞ்சாலையின் ஓரத்திலே கிடந்தார்கள். நார்மன் டாட்ஸ் என்ற தொழிற்கட்சி உறுப்பினர் ஒருவர்தான் நாடாளுமன்றத்தில் தொண்டை கிழியக் கத்தினார். நெடுஞ்சாலையிலும் நிற்க முடியாது. 1959இன் நெடுஞ்சாலைச் சட்டம் சாலையோரத்தில் 'ஜிப்சி' முகாம் போடுவது குற்றம் என்று பேர் சொல்லியே எழுதியிருந்தது. ஜிப்சி என்றால் யார் என்ற கேள்வி 1967இல் நீதிமன்றத்துக்கு வந்தபோது, அது இனத்தைக் குறிக்கவில்லை, நாடோடி வாழ்க்கை நடத்துகிறவனைக் குறிக்கிறது என்றார்கள். நாடோடி வாழ்க்கை நடத்துகிறவன்! வாரக் கடைசிகளில் கேரவன் மன்றத்துக்காரர் நடத்துவது என்ன வாழ்க்கை என்று யாரும் கேட்கவில்லை.

ஜிப்சிகளும் சங்கம் கட்டினார்கள். 1966இல் ஜிப்சி கவுன்சில் உருவானது. 'ஜிப்சிகளுக்கு இடமில்லை' என்று மதுக்கடைகளில் பலகை தொங்கிய காலம். வெளியேற்றங்களின்போது வண்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள், கைதானார்கள். 1971 ஏப்ரலில் லண்டனுக்குப் பக்கத்தில் முதல் உலக ரோமானி மாநாடு கூடி, கொடியையும் கீதத்தையும் ஏற்றுக்கொண்டது. கேரவன் மன்றக் கிளைக்கும் கொடி இருந்தது, இவர்களுக்கும் ஒரு கொடி வந்தது. முதல் கொடி வண்டி நிறுத்த இடம் காட்டியது. இரண்டாவது கொடிக்கு நிறுத்த இடமே இல்லை.

அந்தப் போராட்டத்தின் விளைவாகவும், லிபரல் கட்சியின் எரிக் லபக் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் மூலமாகவும் 1968இல் ஒரு சட்டம் வந்தது. ஜிப்சிகளுக்கு இடம் அமைத்துத் தருவது உள்ளாட்சிகளின் கடமை என்றது. ஆனால் அதற்குள்ளேயும் ஒரு பொறி. கடமையை முடித்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் வேறெங்காவது கேரவனை நிறுத்தினால் குற்றம், யார் நிறுத்தினால்? ஜிப்சி நிறுத்தினால். ஒரே சாலையோரம், ஒரே வகை வண்டி. ஒருவர் நிறுத்தினால் ஓய்வு, இன்னொருவர் நிறுத்தினால் வழக்கு. எங்கேயும் எழுதாத சாதிச் சட்டங்கள் நம்மிடம் நிறைய உண்டு. அங்கே எழுதியே வைத்திருந்தார்கள்.

நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகளே பொழுதுபோக்கு என்ற கோட்டைத் தாண்டி வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1985 ஜூன் 1ஆம் தேதி பழைய பஸ்களிலும் வேன்களிலும் குடியிருந்த இளைஞர் கூட்டம் ஸ்டோன்ஹெஞ்ச் நோக்கிப் போனது. வில்ட்ஷயரில் மொச்சை வயல் ஒன்றில் போலீஸ் அவர்களை வளைத்தது. வண்டிக் கண்ணாடிகளை உடைத்து, பெண்களையும் பிள்ளைகளையும் இழுத்து வெளியே போட்டு, 500க்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள். இவர்களில் பலருடைய பெற்றோர் வாரக் கடைசியில் கேரவன் இழுத்துக்கொண்டு போனவர்களாகவே இருந்திருக்கலாம். இந்தப் பீதியின் தொடர்ச்சியாக 1994இல் வந்த குற்றவியல் நீதிச் சட்டம், உள்ளாட்சிகளின் கடமையையே எடுத்துவிட்டது. அதற்குள் 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜிப்சிகள் ஓர் இனக்குழு என்று ஒத்துக்கொண்டிருந்தது. அதுவும் மதுக்கடைப் பலகை வழக்கில்தான். இனமாக ஏற்றுக்கொண்ட ஆறே வருஷத்தில் நிற்கிற இடம் போய்விட்டது.

நம் பக்கம் வருவோம். 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. அதில் அகப்பட்டவர்களில் ஒரு பகுதியினர், பொதிமாட்டிலும் கழுதையிலும் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராகப் போன குறவர்கள். ரயில் பாதையும் அரசாங்கத்தின் உப்புக் கொள்கையும் அவர்கள் வியாபாரத்தை முதலில் ஒடித்தன. பிறகு, பிழைப்பு இல்லாமல் திரிகிறார்கள் என்ற குற்றத்தை அவர்கள் மேலே சட்டம் சுமத்தியது. மீனா ராதாகிருஷ்ணா இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு. 1952இல் நாடு முழுக்க அந்தச் சட்டம் நீக்கப்பட்டது என்றாலும், பட்டம் நீங்கவில்லை. 2021இல் பக்கத்துக் கேரளம் சுற்றுலாவுக்காகக் கேரவன் கொள்கை ஒன்றை அறிவித்தது. கேரவன் பூங்காக்கள் கட்டுவதாகச் சொன்னது. நம் பஸ் நிலையத் திண்ணையில் பாசி ஊசி மணி விற்றபடி படுத்திருக்கிறவர்களுக்கும் இந்தச் சொல்லுக்கும் இனி ஒரு சம்பந்தமும் இருக்கப்போவதில்லை.

இங்கிலாந்தில் 2021இல் ஒரு விடுமுறைப் பூங்கா நிறுவனம், அயர்லாந்து டிராவலர்களிடையே வழங்குகிற குடும்பப் பெயர்களைப் பட்டியல் போட்டு வைத்து, அந்தப் பெயரில் யார் முன்பதிவு கேட்டாலும் மறுத்துவந்தது வெளியே வந்தது. 2022இன் போலீஸ் சட்டம், வண்டியோடு அத்துமீறித் தங்குவதை உரிமையியல் வழக்கிலிருந்து குற்றமாக மாற்றி, வண்டியையே பறிமுதல் செய்ய அதிகாரம் தந்தது. வண்டி என்றால் அவர்களுக்கு வீடு. 2024இல் உயர் நீதிமன்றம், வெளியேற்றப்பட்டவர்கள் 12 மாதம் திரும்பி வரக்கூடாது என்று நீட்டப்பட்ட தடை மனித உரிமைகளோடு பொருந்தாது என்று அறிவித்தது.

என் நண்பன் சந்தாவைப் புதுப்பித்துவிட்டான். அவனை நான் எதுவும் கேட்கவில்லை. ஒரு வெள்ளைக்கார நாட்டில் கறுத்த தோலோடு இருக்கிறவனுக்குப் பேர் கேட்காத ஒரு வட்டம் கிடைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு வா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வதற்கு நான் யார்? போன முறை ஈவ்ஷம் பள்ளத்தாக்கில் ஒரு பண்ணைக்குப் போயிருந்தானாம். மன்றம் சான்றிதழ் கொடுத்த, ஐந்து வண்டி நிற்கிற இடம். குழாய், கழிவு ஊற்ற ஒரு குழி, பழைய பிளம் மரங்கள் நான்கைந்து. பணம் வாங்க வந்த கிழ விவசாயி வேலியில் சாய்ந்துகொண்டு பேச்சுவாக்கில், தன் அப்பா காலத்தில் பிளம் பறிக்கவும் பட்டாணி பறிக்கவும் ஜிப்சிகள் வருஷா வருஷம் இதே மூலையில்தான் வந்து இறங்குவார்கள் என்றாராம். பறிப்பு முடிந்ததும் அவர்களைப் போகச் சொல்ல வேண்டியிருந்தது, சட்டம் அப்படி என்றாராம். அப்புறம் பட்டாணிக்கு எந்திரம் வந்துவிட்டது. "உங்களுக்கு எத்தனை ராத்திரி?" என்று கேட்டு, சீட்டைக் கிழித்துக் கொடுத்தாராம்.